அப்பாவின் பழைய ஹோண்டா சிட்டி புகை தள்ளுதா? இன்ஜினை இறக்கும் முன் யோசிக்க வேண்டியவை

தஞ்சாவூரில் இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் அப்பா வாங்கிய ஹோண்டா சிட்டி போர்டிகோவில் நிற்கிறது. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்து காலையில் காரை ஸ்டார்ட் செய்கிறார். சைலன்சரிலிருந்து நீலப் புகை. மாதத்துக்கு ஒருமுறை ஆயில் வேறு ஊற்ற வேண்டியிருக்கிறது என்கிறார் அப்பா.

மெக்கானிக் பார்க்கிறார். "ரிங்ஸ் போச்சு தம்பி. இன்ஜினை இறக்கிடலாம்." அலுவலக நண்பர் போனில் சொல்கிறார்: "எப்படியும் பிரிக்கத்தானே போற மச்சி? அப்படியே கேம், ஹெடர், ரீமேப் எல்லாம் போட்டுடு. வண்டி பறக்கும்." மாமாவின் யோசனை வேறு: "புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் இன்ஜின் கிடைக்கும் மாப்ள. மாத்திட்டுப் போயிட்டே இரு." அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "என்ன வேணா பண்ணு. வித்துடாத."

டர்போ இல்லாத பழைய ஹோண்டா வைத்திருக்கும் பல வீடுகளுக்கு வரும் கேள்விதான் இது. பழையபடி சரிசெய்வதா, வேறு இன்ஜின் மாட்டுவதா, சக்தியைக் கூட்டுவதா? தவறான முடிவு எடுத்தால் பணம் போவது மட்டுமல்ல, ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல் வரலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா?

புகை வந்தாலே இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று இல்லை. புகையின் நிறமும் அது வரும் நேரமும் பாதி பதிலைச் சொல்லிவிடும்.

• காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல்தான் காரணம். இரவெல்லாம் மேலிருந்து ஆயில் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும்.

• ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்ஸ் மேல் சந்தேகம்.

• சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்.

• கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சென்சார், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்து கம்ப்ரெஷன் டெஸ்ட். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே பிரச்னை இருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்ஸ் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு பக்கம் கசிகிறது. இந்தச் சின்ன சோதனைதான் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமா, மொத்த இன்ஜினையும் இறக்க வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். கிராங்க் கேஸ் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டாலும் கார் ஆயில் குடிக்கும். அது மலிவான பாகம். அதேபோல, "பிக்கப்பே இல்ல" என்ற புகாருக்கு விடெக் சோலினாய்டின் ஆயில் சல்லடை அடைபட்டிருப்பதும் காரணமாக இருக்கலாம். இந்த இரண்டையும் பார்க்காமல் யாராவது "இன்ஜின் போச்சு" என்று சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டுவது நல்லது.

உங்களிடம் இருப்பது எந்த சிட்டி?

எல்லா சிட்டியும் ஒன்றல்ல. ஹோண்டா இந்தியாவில் சிட்டியை அறிமுகப்படுத்தியது 1998 ஜனவரியில். அதன்பிறகு இன்ஜின் பலமுறை மாறிவிட்டது.

• முதல் தலைமுறையில் 1.3, 1.5 லிட்டர் இன்ஜின்கள். பின்னர் வந்த 1.5 விடெக்குக்கு 106 குதிரைத்திறன். கார் பிரியர்கள் இன்றும் தேடுவது இதைத்தான். இதில் இருப்பது டைமிங் பெல்ட்.

• 2003-ல் வந்த மாடலில் ஐ-டிஎஸ்ஐ இன்ஜின். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், 77 பிஎஸ் சக்தி. மைலேஜுக்காகவே செய்யப்பட்டது. இதை வேகத்துக்காக மாற்ற நினைப்பதில் அர்த்தமில்லை.

• 2008-ல் வந்த மாடலில் 1,497 சிசி ஐ-விடெக். 6,600 ஆர்பிஎம்மில் 118 பிஎஸ், 4,800 ஆர்பிஎம்மில் 146 நியூட்டன் மீட்டர் டார்க். டைமிங் செயின். இப்போது 15 வயதைத் தாண்டிக்கொண்டிருப்பவை இந்தக் கார்கள்தான்.

நம் கதையில் வரும் 2010 சிட்டி மூன்றாவது வகை. இனி வரும் கணக்கும் அதை வைத்தே.

விடெக் இருக்கிறதே, இன்னும் சக்தி எடுக்க முடியாதா?

நண்பர் சொன்ன 'வண்டி பறக்கும்' யோசனைக்கு வருவோம்.

டர்போ உள்ள இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளலாம். ஹோண்டா சிட்டி போன்ற இயல்பாகக் காற்றை இழுக்கும் இன்ஜினில் அந்த வசதி கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடம் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அவ்வளவுதான். 1,497 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு அதிகபட்சம் சுமார் 1.5 லிட்டர் காற்றை இழுக்கும். 2,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 1,870 லிட்டர். 6,000 ஆர்பிஎம்மில் சுமார் 4,490 லிட்டர். காற்று கூடினால்தான் பெட்ரோல் கூடும். பெட்ரோல் கூடினால்தான் சக்தி கூடும்.

ஆக, அதிக சக்திக்கு இரண்டே வழி. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் நன்றாகக் காற்றை நிரப்புவது ஒன்று. இன்னும் வேகமாகச் சுற்றுவது இன்னொன்று.

முதல் வழியில் ஹோண்டா ஏற்கெனவே எவ்வளவு தூரம் போயிருக்கிறது? ஹோண்டாவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் எஸ்2000-ஐ எடுத்துக்கொள்வோம். 1999-ல் வந்தது. 1,997 சிசி, டர்போ கிடையாது. ஏற்றுமதி மாடலில் 8,300 ஆர்பிஎம்மில் 240 பிஎஸ், 208 நியூட்டன் மீட்டர் டார்க்.

லிட்டர் கணக்கில் பிரித்துப் பாருங்கள். எஸ்2000-க்கு ஒரு லிட்டருக்குச் சுமார் 104 நியூட்டன் மீட்டர். நம்ம ஊர் சிட்டிக்குச் சுமார் 97. வித்தியாசம் 7 சதவீதம்தான். ஆனால் சக்தியில் எஸ்2000-க்கு லிட்டருக்கு 120 பிஎஸ், சிட்டிக்கு 79. இது 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம்.

ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் பலத்தில் சிட்டி அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொஞ்சம்தான் பின்தங்கியிருக்கிறது. அந்தக் காரின் கூடுதல் சக்தியில் பெரும்பகுதி வேகமாகச் சுற்றுவதிலிருந்து வருகிறது. அதற்காகவே கிராங்க், கனெக்டிங் ராட், வால்வு ஸ்பிரிங் என எல்லாவற்றையும் ஹோண்டா தனியாக வடிவமைத்தது.

விடெக்கிலேயே இரண்டு ரகம் உண்டு. 1989-ல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் முதன்முதலாக வந்த விடெக், 1.6 லிட்டரில் 160 பிஎஸ் கொடுத்தது. அதன் வேலை சக்தி. 2008 சிட்டியின் ஐ-விடெக் வேறு மாதிரி. குறைந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு இன்டேக் வால்வு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். காற்று ஒரே வாசல் வழியாகச் சுழன்று நுழைவதால் பெட்ரோலோடு நன்றாகக் கலந்து எரியும், மைலேஜ் கிடைக்கும். வேகம் கூடும்போது ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி ராக்கர் ஆர்ம்களைப் பூட்டும். இரண்டு வால்வும் முழுதாகத் திறக்கும். பேட்ஜில் பெயர் ஒன்றுதான். செய்யப்பட்ட நோக்கம் வேறு.

கேம், ஹெடர், ரீமேப்: எதில் என்ன கிடைக்கும்?

ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் ஹெடர், இசியு ரீமேப் மூன்றும் சேர்ந்தால் கொஞ்சம் சக்தி கூடும். அந்தக் கூடுதல் தெரிவது பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்மில். சத்தம் மட்டும் எல்லா ஆர்பிஎம்மிலும் கூடும். சத்தம் கூடியதையே வேகம் கூடியதாக நினைப்பது சகஜம். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் டைனோ சோதனை அறிக்கை கேளுங்கள்.

பெரிய கேம்ஷாஃப்ட் போட்டால் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் அது நல்லது. 2,000 ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியேறிவிடும். இழுவை குறையும், ஐடிலிங் தடுமாறும்.

ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷனைக் கூட்டினால் எல்லா ஆர்பிஎம்மிலும் பலன் உண்டு. ஆனால் கொஞ்சம் அதிகமாகப் போனாலும் இன்ஜின் 'நாக்' ஆகும், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து பிஸ்டனைத் தாக்கும். கோடையில் ஏசி போட்டுக்கொண்டு நான்கு பேரோடு போகும்போது இந்த ஆபத்து அதிகம்.

போரைப் பெரிதாக்கினால்? 73 மில்லிமீட்டர் போரை 0.25 மி.மீ. கூட்டினால் 1,497 சிசி சுமார் 1,507 சிசி ஆகும். பத்து சிசிதான் லாபம். ஓவர்சைஸ் பிஸ்டன் என்பது தேய்ந்த சிலிண்டரைக் காப்பாற்றும் வழி. சக்தி கூட்டும் வழியாக அதை விற்றால் நம்பாதீர்கள்.

ஹோண்டா சிட்டியை ரேஸ் காராக மாற்றியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை ரேஸ் டிராக்கிலும், கோவை செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயிலும் டூரிங் கார் பந்தயங்களில் சிட்டி ஓடியிருக்கிறது. கோவையைச் சேர்ந்த அர்ஜுன் பாலு இந்தக் காரில் ஓட்டிப் பெயர் எடுத்தவர். ஆனால் ரேஸ் இன்ஜினின் வாழ்க்கையே வேறு. உயர்ந்த ஆர்பிஎம்மிலேயே ஓடும், அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படும், டிராக்குக்கு லாரியில் போகும். அம்மாவை ஏற்றிக்கொண்டு திருவையாறு போக வேண்டிய வேலை அதற்குக் கிடையாது.

டெல்டா ரோட்டில் எந்த ஆர்பிஎம் தேவை?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகப் பழைய ரோட்டில் போனால் எதிரே டவுன் பஸ், முன்னால் டிராக்டர், ஓரத்தில் சைக்கிள். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில் அறுவடை மெஷின் வரும். டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில் போனால்கூட இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மைத் தொடாது. டிராக்டரை ஓவர்டேக் செய்ய கியரைக் குறைத்து மிதிக்கும்போது 2,500 முதல் 4,500 வரை கிடைக்கும் இழுவைதான் வேண்டும்.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை போன்ற அகலமான இடங்களில் வேகமாகப் போகலாம்தான். அங்கேயும் 7,000 ஆர்பிஎம் சட்டப்படியான வேகத்துக்குத் தேவையே இல்லை.

பணம் கொட்டி வாங்கும் கூடுதல் சக்தி இருப்பது, டெல்டா ரோட்டில் நீங்கள் போகவே போகாத ஆர்பிஎம்மில். தினமும் தேவைப்படும் கீழ் ஆர்பிஎம் இழுவையையோ பெரிய கேம் பறித்துவிடும்.

வெயில், வைக்கோல் தூசி, வெள்ளம்

டெல்டாவுக்கென்றே மூன்று பிரச்னைகள் உண்டு. எந்த இன்ஜின் வேலை செய்வதாக இருந்தாலும் இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெயில்: சூடான காற்றில் ஆக்ஸிஜன் அடர்த்தி குறைவு. 25 டிகிரியோடு ஒப்பிட்டால் 40 டிகிரி காற்றில் சுமார் 5 சதவீதம் குறைவு. பானட்டுக்குள் திறந்தபடி மாட்டும் கோன் வடிவ ஃபில்டர் அங்கிருக்கும் 60 டிகிரி காற்றை இழுத்தால் சுமார் 10 சதவீதம் குறைவு. கம்பெனி கொடுத்த ஏர்பாக்ஸ் வெளியிலிருந்து காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டுவது, காசு கொடுத்து சக்தியைக் குறைத்துக்கொள்வதாகவே முடியலாம்.

தூசி: நெல் தூற்றும் காலத்தில் பறக்கும் உமித் தூசியும் வைக்கோல் துணுக்கும் ரேடியேட்டர் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் இன்ஜினை மட்டும் புதுப்பித்தால் அடுத்த கோடையில் அதே பட்டறைக்குத்தான் திரும்ப வர வேண்டும்.

வெள்ளம்: வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் ததும்பி ரோட்டில் ஓடுவது இங்கே புதிதல்ல. குளிர்ந்த காற்றுக்காக பம்பருக்குக் கீழே ஃபில்டரை இறக்கி மாட்டும் கிட்டுகள் உண்டு. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். செலவு செய்து கட்டிய இன்ஜின் ஒரே நொடியில் காலி. டெல்டாவில் இந்தக் கிட்டைத் தவிர்ப்பதே நல்லது.

இ20 பெட்ரோலும் பழைய சிட்டியும்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை முதலில் 2030-க்கு வைத்திருந்த மத்திய அரசு, 2025-லேயே எட்டிவிட்டது. கரும்பு, மக்காச்சோளத்தோடு அரிசியிலிருந்தும் எத்தனால் எடுக்கப்படுகிறது. நெல் விளையும் ஊரில் ஓடும் காருக்கு இது கொஞ்சம் வேடிக்கையான விஷயம்தான்.

2009 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான தன் கார்களின் பாகங்கள் இ20 பெட்ரோலைத் தாங்கும் என்று ஹோண்டா அறிவித்திருக்கிறது. 2010 சிட்டி இந்த வரம்புக்குள் வருகிறது. முதல் தலைமுறை விடெக், ஐ-டிஎஸ்ஐ கார்கள் வராது. அவற்றில் இன்ஜின் வேலை நடக்கும்போதே பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்களைப் பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப்படி இ20-ல் ஒரு லிட்டருக்குச் சுமார் 7 சதவீத ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைந்ததை மட்டும் வைத்து இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ரீமேப் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுத்தமான பெட்ரோலுக்குக் காற்று–எரிபொருள் விகிதம் 14.7-க்கு 1, இ20-க்குச் சுமார் 13.5-க்கு 1. வெளிநாட்டில் வேறு பெட்ரோலுக்குத் தயாரான மேப்பை அப்படியே ஏற்றினால், முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் பற்றாக்குறையாகி இன்ஜின் அதிகம் சூடாகும். இங்கே கிடைக்கும் பெட்ரோலிலேயே சோதித்து ட்யூன் செய்ய வேண்டும்.

மாமா சொன்ன செகண்ட் ஹேண்ட் இன்ஜின்?

சென்னை புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பெயர் போனது. விபத்தில் சிக்கிய காரின் நல்ல இன்ஜின் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையலாம். ஆபத்து இரண்டு. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு வாய்வார்த்தைதான் சாட்சி. கம்ப்ரெஷன் பார்க்காமல் வாங்கினால் ஒரு தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் இன்னொரு தேய்ந்த இன்ஜின். அதைவிடப் பெரியது இன்ஜின் நம்பர். ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் காரில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்கு முறையான பில்லும் ஆவணமும் இல்லாத இன்ஜின், திருட்டு வண்டியுடையதாகக்கூட இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதே பிளாக்கை வைத்துக்கொண்டு கம்பெனி அளவிலேயே சரிசெய்தால் இந்தக் கவலை இல்லை. இன்ஜினை மாற்றுவதென்றால் தஞ்சாவூரோ கும்பகோணமோ, உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் அனுமதி, பிறகு வேலை, பிறகு ஆர்.சி.யில் பதிவு, இன்சூரன்ஸுக்குத் தகவல் என்ற வரிசையில் போக வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஹெடர் போட்டால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள்.

15 வருடம் ஆன பெட்ரோல் கார் ஓடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் தகுதிச் சோதனை முடித்து, ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். மத்திய விதிப்படி காருக்கான கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 10,000. மாநிலப் பசுமை வரி தனி.

காசுக் கணக்கு

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கம்பெனி அளவிலான ரீபில்டுக்கு ஒரு லட்சம் கேட்கிறார்கள். சக்தி கூட்டும் வேலைக்கு மேலும் ஒன்றரை லட்சம்.

புதுப்பித்த ஆர்.சி. ஐந்து வருடம், அதாவது 60 மாதம். ரீபில்டு மட்டும் என்றால் மாதம் சுமார் 1,670 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் மாதம் சுமார் 4,170. விற்கும்போது இதில் எதுவும் திரும்பி வராது. பழைய காரை வாங்குபவர், பிரித்துக் கட்டிய இன்ஜின் என்றாலே விலையைக் குறைப்பார். செலவு செய்வதென்றால், வைத்து ஓட்டுவதற்காகவே செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். மழைத் தண்ணீரில் நின்ற கார், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் இருந்த கார் என்றால் துரு பிடித்திருக்கும். சேஸிஸ் அரித்திருந்தால் எந்த இன்ஜின் வேலையும் வீண். அந்த நிலையில் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி.

ரீபில்டு என்று முடிவானால், பட்டறையில் கேட்க வேண்டியவை

• போர், கிராங்க் ஜர்னல் அளவுகளை எழுத்தில் கொடுங்கள். அளக்காமலேயே 'போர் போட்டுடலாம்' என்றால் வேண்டாம்.

• ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வந்த பிறகு போர் போடுங்கள். போர் போட்ட பிறகு பிஸ்டன் தேடக் கூடாது.

• ஹெட்டை எவ்வளவு சீவினீர்கள் என்று கேளுங்கள். தேவைக்கு மேல் சீவினால் கம்ப்ரெஷன் கூடி நாக்கிங் வரும்.

• ரிங்ஸ், பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட், டைமிங் செயின் செட் எல்லாம் பார்ட் நம்பரோடு பில்லில் வர வேண்டும்.

• கழற்றிய பழைய பாகங்களை வாங்கிக்கொள்ளுங்கள்.

• ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

• வால்வு கிளியரன்ஸை மறக்க வேண்டாம். இந்த ஹோண்டா இன்ஜினில் அது தானாகச் சரியாகாது; கையால் செட் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் நேரே நான்குவழிச் சாலைக்கு விரட்டாதீர்கள். புது ரிங்ஸ் சிலிண்டர் சுவரோடு பழகக் கொஞ்ச காலம் வேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி, அதிகம் திணறவிடாமல் ஓட்ட வேண்டும். முதல் ஆயில் மாற்றத்தை 1,000 கிலோமீட்டருக்குள் முடித்துவிடுங்கள். டிராக்டருக்குப் பின்னால் நின்று நகரும் கும்பகோணம் பழைய ரோடு இதற்குப் பொருத்தமான இடம்.

சரி, அந்த வீட்டில் என்ன செய்யலாம்?

துரு இல்லை, வால்வு சீல் மட்டும்தான் பிரச்னை என்றால் ஹெட் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம். ரிங்ஸ் போயிருந்தால் கம்பெனி அளவில் முழு ரீபில்டு. பிளாக் உடைந்திருந்தால் மட்டும், ஆவணத்தோடு ஆர்டிஓ அனுமதியோடு வேறு இன்ஜின். வேகமாக ஓட்டும் ஆசை இருந்தால் அதைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம். கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அதற்கென்றே டிராக் இருக்கிறது.

கம்ப்ரெஷன் டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் போதும். பொங்கல் லீவு முடிவதற்குள் அதை முடித்து, நான்கு எண்களையும் ஒரு பேப்பரில் எழுதி வாங்கிவிடுங்கள். நண்பருக்கும் மாமாவுக்கும் பதில் அந்தப் பேப்பரிலேயே இருக்கும்.